மைதானத்தில் ஊழியர், மருத்துவமனையில் மாணவர்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு வீரர்களுக்கு ஒருவழியாகப் பணம் வந்துவிட்டது. அடிபட்டால் அவர்களுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி மட்டும் 70 ஆண்டுகளாக அப்படியே நிற்கிறது.

2025 ஜூன் 6, வெள்ளிக்கிழமை. கலிஃபோர்னியாவில் ஃபெடரல் நீதிபதி கிளாடியா வில்கன் ஒரு சமரச ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் கொடுத்தார். கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு, 2016 முதல் ஆடிய மாணவ வீரர்களுக்கு ஏறத்தாழ 280 கோடி டாலரை 10 ஆண்டுகளில் கொடுத்துத் தீர்க்க வேண்டும். நம் பணத்தில் சுமார் 24,000 கோடி ரூபாய். இது பழைய பாக்கிக்கு. இனிமேல் வருவது தனி. 2025 ஜூலை 1 முதல், ஒப்பந்தத்தில் சேர்ந்த ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் விளையாட்டு வருமானத்திலிருந்து முதல் ஆண்டில் 2.05 கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகவே கொடுக்கலாம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு வரை இதில் ஒரு டாலர் கைமாறியிருந்தாலும் குற்றம். 1995-ல் லாஸ் ஏஞ்சலஸின் யு.சி.எல்.ஏ. அணியில் ஆடிய டானி எட்வர்ட்ஸின் கதையை அவருடைய அணித்தோழர் ரமோகி ஹியூமா பல இடங்களில் சொல்லியிருக்கிறார். வீட்டில் சாப்பிட ஒன்றுமில்லை என்று எட்வர்ட்ஸ் வானொலியில் சொல்லிவிட்டார். யாரோ மளிகைப் பையைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். அதை எடுத்துக்கொண்டதற்காக என்.சி.ஏ.ஏ. அவரை ஆடவிடாமல் தடை செய்தது. அந்த ஆத்திரத்தில்தான் ஹியூமா வீரர்களுக்கென்று ஒரு சங்கத்தைத் தொடங்கினார். இன்னொருவர் ரெஜி புஷ். கல்லூரிக் கால்பந்தின் மிக உயர்ந்த பரிசான ஹைஸ்மன் கோப்பையை 2005-ல் வென்றவர். வெளியாட்களிடம் அவரும் குடும்பத்தாரும் பணமும் சலுகைகளும் பெற்றதாகத் தீர்ப்பானதால், 2010-ல் அந்தக் கோப்பையை விட்டுக்கொடுத்தார். 2024 ஏப்ரலில் அது அவரிடமே வந்து சேர்ந்தது. இடையில் மாறியது சட்டம்.

கல்லூரி வீரருக்குப் பணம் தரலாமா என்ற பழைய சண்டை இத்தோடு முடிந்தது. ஆனால் பணம் கொடுப்பது ஒன்று, பொறுப்பேற்பது வேறு. பல்கலைக்கழகங்கள் முதலாவதற்கு ஒப்புக்கொண்டன, இரண்டாவதிலிருந்து தப்பிப்பதற்காக. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

ஒரு மனைவியின் மனு

1955-ல் கொலராடோ மாநிலத்தில் ஃபோர்ட் லூயிஸ் என்ற சிறு கல்லூரிக்காக ஆடிய ரே டென்னிசன், மைதானத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவர் ஆடியது நாம் ஆடும் கால்பந்து அல்ல. தலைக்கவசமும் தோள்கவசமும் அணிந்து, முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுபவரை எதிரணியினர் மோதிச் சாய்க்கும் அமெரிக்கக் கால்பந்து. 1905-ல் இந்த ஆட்டத்தில் இளைஞர்கள் அடுத்தடுத்து இறந்ததால் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டே தலையிட வேண்டி வந்தது. அதன் விளைவாக 1906-ல் பிறந்த அமைப்புதான் பின்னர் என்.சி.ஏ.ஏ. ஆனது. வீரர்களின் உயிரைக் காப்பதற்கென்று பிறந்த அமைப்பு அது என்பதை இங்கே அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது.

டென்னிசனின் மனைவி, தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி உதவித்தொகை கேட்டு மனுப் போட்டார். வேலையில் இறந்தவரின் குடும்பத்துக்குக் கிடைப்பது தனக்கும் கிடைக்க வேண்டும் என்றார். அதில் தவறில்லை. 1953-ல் டென்வர் பல்கலைக்கழக வீரர் ஒருவரின் வழக்கில், அவர் ஊழியரே என்று அதே மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. இந்த மனுவும் ஜெயித்திருந்தால் நாடு முழுவதும் ஒவ்வொரு முறிந்த எலும்புக்கும் ஒவ்வொரு கல்லூரியும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அந்த நாட்களில் என்.சி.ஏ.ஏ.வின் தலைமைச் செயலராக இருந்தவர் வால்டர் பயர்ஸ். 1951 முதல் 36 ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தவர். அவரும் அவருடைய வழக்கறிஞர்களும் ‘மாணவ விளையாட்டு வீரர்’ என்ற சொற்சேர்க்கையை உருவாக்கினார்கள். கல்லூரிகள் எல்லாம் வீரர், ஆட்டக்காரர் என்ற சொற்களை விட்டுவிட்டு இதையே பயன்படுத்த வேண்டும் என்று ஆணையிட்டார்கள். படிக்க வந்த மாணவர், ஓய்வு நேரத்தில் ஆடுகிறார், அவ்வளவுதான் என்று நீதிமன்றத்தில் நிற்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. 1957-ல் கொலராடோ உச்ச நீதிமன்றம் டென்னிசன் குடும்பத்துக்கு இழப்பீடு இல்லை என்று தீர்ப்பளித்தது. கல்லூரி கால்பந்துத் தொழிலில் இல்லை என்பது தீர்ப்பு சொன்ன காரணம்.

இதை எதிரிகள் கட்டிய கதை என்று தள்ள முடியாது. ஓய்வுபெற்ற பிறகு 1995-ல் எழுதிய நூலில் பயர்ஸே இதை ஒப்புக்கொண்டார். தான் வாழ்நாள் முழுக்கக் கட்டிய அமைப்பைத் தானே குற்றம்சாட்டினார்.

அந்த ஏற்பாட்டின் விலையை அதிகமாகக் கொடுத்தவர் கென்ட் வால்ட்ரெப். டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழக வீரர். 1974 அக்டோபர் 26 அன்று பர்மிங்ஹாமில் அலபாமா அணிக்கு எதிரான ஆட்டத்தில் மோதி விழுந்தவர், கழுத்துக்குக் கீழே உணர்விழந்தார். ஒன்பது மாதம் மருத்துவச் செலவைக் கொடுத்த பல்கலைக்கழகம் பிறகு கையை விரித்தது. குடும்பம் நன்கொடையில் காலம் தள்ளியது. சக்கர நாற்காலியில் இருந்தபடியே வழக்கு நடத்திய வால்ட்ரெப், மாற்றுத்திறனாளிகளுக்கான 1990-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் உருவாவதற்கு உழைத்தவர்களிலும் ஒருவர். அவருடைய சொந்த வழக்கு 2000-ல் தோற்றது. கல்விக்கு வாங்கிய உதவிக்கு அவர் வரி கட்டவில்லை, எனவே அது சம்பளமல்ல, எனவே அவர் ஊழியரல்ல என்று முடிந்தது. விபத்து நடந்து 26 ஆண்டுகள் கழித்து வந்த பதில் இது.

பணம் எங்கே இருந்தது?

இதையெல்லாம் ஏழைக் கல்லூரிகள் வேறு வழியில்லாமல் செய்ததாக நினைத்துவிடக் கூடாது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கால்பந்து மைதானத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். நம் சேப்பாக்கம் மைதானத்தின் கொள்ளளவைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். ஆண்கள் கூடைப்பந்துப் போட்டித்தொடர் ஒன்றை மட்டும் ஒளிபரப்ப, 2010-ல் 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டார்கள். 2016-ல் அதையே 2032 வரை நீட்டிக்க இன்னும் 880 கோடி டாலர். 2022-ல் பிக் டென் என்ற கூட்டமைப்பு தன் ஆட்டங்களை ஏழு ஆண்டுக்கு விற்ற விலை 700 கோடி டாலருக்கு மேல். இந்தத் தொலைக்காட்சிப் பணத்துக்காகவே கலிஃபோர்னியாவின் யு.சி.எல்.ஏ. இன்று நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் வரை பறந்துபோய் லீக் ஆட்டம் ஆடுகிறது. திங்கள்கிழமை காலை வகுப்புக்கு வர வேண்டிய மாணவர்கள்தான் அந்த விமானத்தில் இருக்கிறார்கள்.

வீரருக்குக் கொடுக்கக் கூடாது என்றால் வந்த பணத்தை வேறு யாருக்காவது கொடுத்தாக வேண்டும். பயிற்சியாளருக்குப் போனது. அலபாமாவின் நிக் சேபன் கடைசி ஆண்டுகளில் வருடத்துக்கு 1.1 கோடி டாலருக்கு மேல் வாங்கினார். பெரும்பாலான அமெரிக்க மாநிலங்களில் அரசு ஊழியர்களிலேயே அதிகச் சம்பளம் வாங்குபவர், கவர்னரோ மருத்துவக் கல்லூரி முதல்வரோ அல்ல, கல்லூரி அணியின் பயிற்சியாளர். 2023 நவம்பரில் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் ஜிம்போ ஃபிஷர் என்ற பயிற்சியாளரை வேலையைவிட்டு அனுப்பியது. ஒப்பந்தம் 2031 வரை இருந்ததால் அவருக்குத் தர வேண்டிய தொகை 7.5 கோடி டாலருக்கு மேல். ரூபாயில் 600 கோடியைத் தாண்டும். வேறு வேலைக்குச் சேர்ந்தாலும் அதில் ஒரு டாலர் குறையாது. வேலை செய்யாமல் இருப்பதற்கு இவ்வளவு கொடுக்க முடிகிற துறை, காலை முறித்துக்கொண்ட பையனுக்குக் கொடுக்க எங்களிடம் இல்லை என்று சொன்னால் அதை நான் நம்பத் தயாரில்லை.

படிப்பே கூலி என்பது அவர்களுடைய வாதம். நான்கு ஆண்டுப் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு. சிறிய தொகையல்ல, உண்மைதான். ஆனால் 1973 முதல் 2012 வரை அந்த உதவித்தொகையை ஓராண்டுக்கு மேல் உறுதிசெய்யக்கூட விதி இடம் தரவில்லை. ஆண்டுதோறும் பயிற்சியாளர் மனம் வைத்தால் புதுப்பிப்பார். அடுத்து, படிப்பு என்ற பெயரில் என்ன கொடுத்தார்கள் என்பது. நார்த் கரோலைனா பல்கலைக்கழகத்தில் 18 ஆண்டுகளாக வகுப்பே நடக்காத பாடங்கள் இருந்தன. 3,100 மாணவர்கள் அவற்றில் மதிப்பெண் வாங்கினார்கள், அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் விளையாட்டு வீரர்கள். பல்கலைக்கழகமே நியமித்த விசாரணை 2014-ல் இதை வெளியே கொண்டுவந்தது. விளையாட்டு வீரர்களுக்கென்று மட்டும் நடந்த மோசடி அல்ல, மற்ற மாணவர்களும் அந்தப் பாடங்களில் இருந்தார்கள், எனவே எங்கள் விதி மீறப்பட்டதாக முடிவுசெய்ய முடியவில்லை என்று 2017-ல் என்.சி.ஏ.ஏ. கைகழுவியது. மளிகைப் பைக்கு உடனே தண்டனை கொடுத்த அமைப்பு இது. கூலி என்று சொல்லப்பட்ட படிப்பே போலியாக இருந்தபோது அந்த அமைப்புக்கு ஒரு விதியும் கிடைக்கவில்லை.

அணை உடைந்த விதம்

எட் ஒபேனன் 1995-ல் யு.சி.எல்.ஏ.வுக்குக் கூடைப்பந்துப் பட்டம் வாங்கித் தந்தவர். பல ஆண்டுகள் கழித்து நண்பர் வீட்டில் ஒரு வீடியோ கேமில் தன்னையே பார்த்தார். அதே உயரம், அதே சட்டை எண், இடக்கை ஆட்டம். விற்றவர்கள் சம்பாதித்தார்கள், அவருக்கு ஒன்றுமில்லை. 2009-ல் வழக்குப் போட்டார். 2014-ல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பெழுதியவரும் இதே நீதிபதி வில்கன்தான்.

2019-ல் கலிஃபோர்னியா மாநிலம், வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரங்களுக்கு விற்கலாம் என்று சட்டம் போட்டது. 2021 ஜூன் 21 அன்று, மேற்கு வர்ஜீனியாவின் முன்னாள் வீரர் ஷான் ஆல்ஸ்டனின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒன்பதுக்குப் பூஜ்யம் என்று என்.சி.ஏ.ஏ.வைத் தோற்கடித்தது. வழக்கு என்னவோ படிப்பு சார்ந்த சலுகைகளைப் பற்றியது மட்டுமே. ஆனால் நீதிபதி பிரெட் கவனா தனியாக எழுதிய குறிப்பு எல்லாருக்கும் புரிந்தது. வேறு எந்தத் தொழிலிலும் முதலாளிகள் எல்லாரும் கூடிப்பேசி, நியாயமான கூலி கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தால் அது குற்றம், கல்லூரி விளையாட்டு மட்டும் எப்படி விதிவிலக்காகும் என்று அவர் கேட்டிருந்தார். பத்தே நாளில், 2021 ஜூலை 1 அன்று, வீரர்கள் விளம்பர வருமானம் பெறலாம் என்று என்.சி.ஏ.ஏ. விதியைத் தளர்த்தியது.

தளர்த்தியதே தவிர, ஒழுங்குபடுத்தவில்லை. எந்த அணியின் ரசிகர்களும் பணம் திரட்டி, விளம்பரம் என்ற பெயரில் தங்களுக்குப் பிடித்த வீரருக்குக் கொடுக்கலாம் என்றானது. பருவத்துக்குப் பருவம் அணி மாறுவதற்கும் தடை நீங்கியது. வாய்மொழி வாக்குறுதிகள் பெருகின. 2024 செப்டம்பரில் லாஸ் வேகாஸ் பல்கலைக்கழக அணி ஆடிய மூன்று ஆட்டங்களிலும் வென்றிருந்த நேரத்தில், அதன் முன்னணி ஆட்டக்காரர் மேத்யூ ஸ்லூக்கா விலகினார். ஒரு லட்சம் டாலர் தருவதாகத் துணைப் பயிற்சியாளர் சொன்னார், வரவில்லை என்பது அவர் தரப்பு. அப்படி முறையான ஒப்பந்தமே இல்லை என்பது எதிர்த்தரப்பு. இருபது வயதைக் கடந்த ஒரு மாணவருக்கும் ஒரு பல்கலைக்கழக அணிக்கும் இடையில் எழுத்தில் ஒன்றுமில்லாமல் 80 லட்சம் ரூபாய் பேரம் நடந்திருக்கலாம் என்பதே போதும், நிலைமையைப் புரிந்துகொள்ள.

2025 ஒப்பந்தம் இந்தச் சந்தைக்கு ஒரு வேலி போட முயல்கிறது. நேரடிப் பணத்துக்கு உச்சவரம்பு உண்டு. 600 டாலருக்கு மேற்பட்ட வெளி ஒப்பந்தங்களை ஆராய்ந்து ஒப்புதல் தரத் தனி ஏற்பாடு உண்டு. எழுத்தில் போட்ட ஒப்பந்தங்கள் வந்துவிட்டன. நல்லதுதான். ஆனால் அந்தத் தாள்களில் யாருடைய கடமைகள் எழுதப்பட்டிருக்கின்றன என்று பார்க்க வேண்டும்.

3,90,000 டாலர் பாக்கி

ஜார்ஜியா பல்கலைக்கழக அணியில் ஆடிய டேமன் வில்சன் மிசௌரிக்கு மாறினார். 2025 இறுதியில், ஒப்பந்தத்தை முறித்ததற்காக 3,90,000 டாலர் கொடு என்று ஜார்ஜியாவின் விளையாட்டு அமைப்பு அவர் மீது சட்ட நடவடிக்கை எடுத்தது. அவர் பதிலுக்கு வழக்குப் போட்டார். யார் பக்கம் நியாயம் என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். எனக்கு வேறொன்று முக்கியமாகப் படுகிறது. பாதியில் போனால் நஷ்டஈடு கேட்பது, வேலைக்கு வைத்தவர் ஊழியரிடம் செய்யும் காரியம். படிக்க வந்தவர் வேறு கல்லூரிக்கு மாறினால் யாரும் மூன்றரைக் கோடி ரூபாய் கேட்பதில்லை.

அந்த வீரரே நாளை பயிற்சியில் முழங்கால் தசைநார் அறுந்து விழுந்தால் அவர் மாணவராகிவிடுவார். தொழிலாளர் இழப்பீடு கிடையாது. தொழிற்சங்கம் அமைத்து பேரம் பேசும் உரிமை சட்டப்படி உறுதியில்லை. 280 கோடி டாலர் ஒப்பந்தத்தில் பக்கம் பக்கமாக இருப்பது எவ்வளவு, எப்படி, யார் மேற்பார்வை என்பதுதான். வீரர்கள் ஊழியர்களா என்ற கேள்வியை அது தொடவே இல்லை. 1957-ல் டென்னிசனின் மனைவியிடம் சொன்ன பதிலை இன்றும் சொல்வதற்கு வழி வைத்துக்கொண்டே பணம் கொடுக்கிறார்கள்.

நிலைமை பழையபடியே இருக்கிறது என்று சொல்வதும் நியாயமாகாது. முழுமையாக முடங்கிப் போகிறவர்களுக்கு என்.சி.ஏ.ஏ. நடத்தும் பேரிழப்புக் காப்பீடு இப்போது உண்டு. 2024 ஆகஸ்ட் முதல், கல்லூரியைவிட்டுப் போன பிறகும் இரண்டு ஆண்டுவரை விளையாட்டுக் காயங்களுக்கு மருத்துவக் காப்பீடு உண்டு. ரமோகி ஹியூமா போன்றவர்கள் இருபது ஆண்டுக்கு மேல் கத்தியதன் பலன் இது. ஆனால் இரண்டு ஆண்டு எதற்குப் போதும்? சி.டி.இ. என்ற மூளைச் சிதைவு நோய், தலையில் திரும்பத் திரும்ப வாங்கிய அடிகளால் வருவது. நினைவு தவறுவதும் மனநிலை கெடுவதும் பல ஆண்டுகள் கழித்தே தெரியவரும். இறந்த பிறகு மூளையை ஆராய்ந்துதான் அதை உறுதிசெய்யவே முடியும். தேய்ந்த முழங்கால் நாற்பது வயதில் வலிக்கத் தொடங்கும். தொழிற்சாலையில் காயம்பட்டவருக்கு இருக்கிற சட்டப் பாதுகாப்பு அந்த வயதில் இவருக்கு இருக்காது.

ஊழியர் என்று சொல்லிவிட்டால் என்ன கெட்டுவிடும்? என்.சி.ஏ.ஏ.வின் இப்போதைய தலைவர் சார்லி பேக்கர் முதலானோர் சொல்லும் பதில்களில் சத்தானவையும் உண்டு. விளையாட்டுத் துறையில் லாபம் காட்டும் பல்கலைக்கழகங்கள் இருபது முப்பதைத் தாண்டாது. மற்றவை பொது மாணவர்களின் கட்டணத்திலும் பல்கலைக்கழக நிதியிலும் ஓடுகின்றன. ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட மாணவ வீரர்களில் மிகப் பெரும்பாலோர் ஆடும் ஆட்டத்துக்கு டிக்கெட் விற்பதே கிடையாது. அவர்கள் எல்லாரையும் சம்பளப் பட்டியலில் ஏற்றினால் சிறிய கல்லூரிகள் அணிகளையே கலைத்துவிடும். சம்பளம் என்றால் வரி வரும், சரியாக ஆடாதவரை வேலைநீக்கமும் செய்யலாம்.

இந்தப் பயத்துக்குப் பதில் இருக்கிறது. எல்லாரையும் ஒரே கோலால் அளக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் கால்பந்து வீரர்கள் 2014-ல் சங்கம் கேட்டபோது, தொழிலாளர் உறவு வாரியத்தின் வட்டார இயக்குநர் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார். ஆட்டப் பருவத்தில் வாரத்துக்கு 40 முதல் 50 மணிநேரம். எங்கே தங்கலாம், என்ன எழுதலாம், எப்போது பயணிக்கலாம் என்று எல்லாவற்றுக்கும் பயிற்சியாளரின் அனுமதி. அவர்கள் ஊழியர்களே என்று அவர் முடிவெடுத்தார். அடுத்த ஆண்டு மேல்மட்ட வாரியம் அதைச் சரி என்றும் சொல்லாமல் தவறு என்றும் சொல்லாமல், இது எங்கள் வரம்புக்குள் வராது என்று ஒதுங்கிக்கொண்டது. 2024-ல் மூன்றாம் வட்ட ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம், மாணவ வீரர் என்ற பட்டத்தை மட்டும் காரணம் காட்டித் தப்பிக்க முடியாது, ஒவ்வொரு வழக்கிலும் உண்மை நிலவரத்தைப் பார்க்க வேண்டும் என்று சொன்னது. அந்த அளவுகோல் போதும். யார் யாருடைய கட்டுப்பாட்டில், யாருடைய லாபத்துக்கு, எவ்வளவு நேரம் உழைக்கிறார் என்று பார்த்தால் அலபாமா கால்பந்து வீரருக்கும் சிறு கல்லூரிப் படகோட்டிக்கும் வித்தியாசம் தானாகத் தெரிந்துவிடும்.

டார்ட்மத் கல்லூரியில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே கூடைப்பந்து அணியில் சிலர், கல்லூரி உணவுக்கூடத்தில் மணிக்கூலிக்கு வேலை பார்த்தவர்கள். உணவுக்கூடத்தில் வேலைசெய்யும் மாணவர்களுக்குச் சங்கம் இருக்கிறது, அதன் மூலம் கூலியும் உயர்ந்தது. தட்டு எடுக்கும்போது ஊழியராக இருக்கிறவர், கல்லூரியின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆடும்போது ஏன் ஊழியரல்ல என்று அவர்கள் கேட்டார்கள். 2024 மார்ச் 5 அன்று 13-க்கு 2 என்ற கணக்கில் சங்கத்துக்கு வாக்களித்தார்கள். கல்லூரி பேச்சுவார்த்தைக்கே வர மறுத்தது. வாஷிங்டனில் ஆட்சி மாறி, வாரியத்தின் போக்கும் மாறும் என்று தெரிந்ததும், பாதகமான தீர்ப்பு ஒன்று எல்லாருக்கும் முன்னுதாரணமாகிவிடக் கூடாது என்று ஆண்டின் கடைசி நாளில் மனுவைத் திரும்பப் பெற்றார்கள். சரியாகக் கேட்கப்பட்ட கேள்வி, பதில் இல்லாமல் கோப்புக்குப் போனது.

நீச்சல் குளம் மூடப்படும்போது

புதிய ஏற்பாட்டில் நிச்சயமாகத் தோற்பவர்களும் உண்டு. பழைய பாக்கியில் ஏறத்தாழ 75 சதவீதம் அமெரிக்கக் கால்பந்துக்கு, 15 சதவீதம் ஆண்கள் கூடைப்பந்துக்கு. பெண்கள் கூடைப்பந்துக்கு 5 சதவீதம். மற்ற எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து மீதி 5 சதவீதம். கல்வியில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்ற 1972-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு இது எதிரானது என்று எட்டு வீராங்கனைகள் மேல்முறையீடு செய்ததால் பழைய பாக்கி விநியோகம் நின்றுபோனது.

ஆண்களின் ஆட்டத்துக்குத்தானே கூட்டம் வருகிறது என்பது வழக்கமான பதில். கூட்டம் வர என்ன செய்தார்கள்? 2021 மார்ச்சில் செடோனா பிரின்ஸ் என்ற கூடைப்பந்து வீராங்கனை ஒரு சிறு வீடியோ வெளியிட்டார். ஒரே தொடர், ஒரே அமைப்பு. ஆண்களுக்கு ஒரு மண்டபம் நிறைய உடற்பயிற்சிக் கருவிகள், பெண்களுக்கு ஒரு சிறிய அடுக்கில் சில கைப்பளுக்கள். அடுத்த ஆண்டுதான் தொடரின் புகழ்பெற்ற பெயரையே பெண்கள் பயன்படுத்த அனுமதித்தார்கள். மூன்றே ஆண்டில், 2024-ல், கெய்ட்லின் கிளார்க் என்ற வீராங்கனை ஆடிய பெண்கள் இறுதியாட்டத்தை 1.8 கோடிக்கு மேற்பட்டோர் பார்த்தார்கள். ஆண்கள் இறுதியாட்டத்தைப் பார்த்தவர்கள் 1.5 கோடிக்கும் குறைவு. முன்பே காட்டியிருந்தால் முன்பே பார்த்திருப்பார்கள். 2025 ஒப்பந்தத்துக்குக் காரணமான வழக்கில், அரிசோனா ஸ்டேட் நீச்சல் வீரர் கிரான்ட் ஹவுஸுடன் சேர்ந்து மனுப் போட்டவர்களில் இதே செடோனா பிரின்ஸும் ஒருவர். நீச்சல் வீரரும் கூடைப்பந்து வீராங்கனையும் போட்ட வழக்கு, பத்தில் ஒன்பது பங்கைக் கால்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் கொடுத்திருக்கிறது.

நீச்சலுக்கு வேறு ஆபத்தும் வந்திருக்கிறது. 2025 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் கால் பாலி பல்கலைக்கழகம் நீச்சல், டைவிங் அணிகளைக் கலைத்தது. வரப்போகும் ஒப்பந்தத்தின் செலவையும் காரணமாகச் சொன்னது. இன்னும் பல இடங்களில் டென்னிஸ், தடகளம் மீது கத்தி தொங்குகிறது. டென்னசி பல்கலைக்கழகம் வீரர்களுக்குத் தரும் பணத்துக்கென்று கால்பந்து டிக்கெட்டில் 10 சதவீதம் கூடுதல் கட்டணம் போட்டிருக்கிறது. ரசிகர் கொடுக்கிறார், நீச்சல் வீராங்கனை இழக்கிறார். பயிற்சியாளர்களின் சம்பளத்துக்கு உச்சவரம்பு போடலாம் என்று மட்டும் அந்த ஒப்பந்தத்தில் எவரும் எழுதவில்லை. அதைச் செய்தால் பல குளங்களில் தண்ணீர் இருக்கும்.

நம் பிள்ளைகள் அங்கே

இது தூரத்து ஊர்ச் சண்டை என்று விட்டுவிட முடியாது. என்.சி.ஏ.ஏ. அணிகளில் 20,000-க்கு மேற்பட்ட வெளிநாட்டு மாணவர்கள் ஆடுகிறார்கள். டென்னிஸில் சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக 2007, 2008 இரண்டு ஆண்டும் ஒற்றையர் பட்டம் வென்றார். டெல்லித் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த தேஜஸ்வின் சங்கர், கேன்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே 2018-லும் 2022-லும் உயரம் தாண்டுதலில் பட்டம் வாங்கினார். அமெரிக்கக் கல்லூரி டென்னிஸில் வளர்ந்த மதுரைக்காரர் தட்சிணேஸ்வர் சுரேஷ், 2025 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தில் நடந்த டேவிஸ் கோப்பை ஆட்டத்தில் இந்தியாவுக்கு வெற்றி தேடித் தந்தார். இங்கே கிடைக்காத மைதானமும் பயிற்சியும் உடலியல் நிபுணரின் உதவியும் அங்கே கிடைக்கின்றன. இதை மறைத்து எழுதினால் நியாயமாகாது. அந்த ஏற்பாட்டின் பெருமையே அதுதான், அது அழியக் கூடாது என்பதற்காகவும்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

ஆனால் நம்மவர்கள் போகும் எஃப்-1 மாணவர் விசாவில் வேலைக்குக் கடும் கட்டுப்பாடு உண்டு. அறைத்தோழர் விளம்பரத்தில் நடித்துச் சம்பாதிக்கும்போது நம் பிள்ளை அதைச் செய்தால் விசாவே போகலாம். பல்கலைக்கழகம் பகிரும் வருமானத்தை வாங்கலாமா என்பதற்கும் தெளிவான விதி போடப்படவில்லை. மேலும், அவர்கள் ஆடுவது டென்னிஸ், தடகளம், ஸ்குவாஷ், கோல்ஃப். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் முதலில் கலைக்கப்படும் அணிகள் இவை.

என் தீர்ப்பு இது. தொலைக்காட்சிக்கு விற்கும் அளவுக்கு ஒரு அணியை நடத்துகிற பல்கலைக்கழகம், அந்த அணியில் ஆடுபவர்களை ஊழியர்கள் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்கள் சங்கம் வைத்துப் பேரம் பேசட்டும். காயத்துக்குக் காலவரம்பில்லாத மருத்துவமும், ஆட முடியாமல் போனாலும் பட்டம் வரை படிப்பும் அந்தப் பேரத்தில் முதல் இரண்டு வரிகளாக இருக்கட்டும். மற்ற அணிகள் மாணவர் அணிகளாகவே இருக்கட்டும், அவற்றைக் காக்கும் செலவைப் பயிற்சியாளர்களின் ஒப்பந்தத்திலிருந்து எடுக்கட்டும்.

இதெல்லாம் நடக்கும்வரை காத்திருக்க முடியாத பெற்றோருக்கு ஒரு வார்த்தை. அமெரிக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து உங்கள் மகனுக்கோ மகளுக்கோ விளையாட்டு உதவித்தொகைக் கடிதம் வந்தால் சந்தோஷப்படுங்கள். கையெழுத்துப் போடும் முன் பயிற்சியாளரிடம் கேளுங்கள்: உதவி ஓராண்டுக்கா, நான்கு ஆண்டுக்கா? காயம்பட்டு ஆட முடியாமல் போனால் அது தொடருமா? அறுவை சிகிச்சைக்கு எந்தக் காப்பீடு, எதுவரை? அணியைக் கலைத்தால் படிப்புக்கு என்ன உத்தரவாதம்? நடுவில் மாறினால் நாங்கள் திருப்பிக் கட்ட வேண்டியது ஏதாவது உண்டா? அன்பாகப் பேசும் பயிற்சியாளர் அடுத்த ஆண்டு வேறு ஊரில் இருப்பார். பதிலைப் பல்கலைக்கழகத்திடமிருந்து எழுத்தில் வாங்கிய பிறகு விமான டிக்கெட் எடுங்கள்.